ஆட்சியின் பிழையும் நாட்டின் கடமையும்



நெருக்கடி நிலைக் காலத்தில் இரயில் வண்டிகளெல்லாம் குறித்த நேரத்தில் ஓடின என்று சொல்வாரை இன்றும் நாம் காண்கிறோம். அலுவலகங்களில் ஊழியர் காலந்தவறாது வந்தனர், கடைகளில் விலைப்பட்டியல் தொங்கிற்று, வேலைநிறுத்தம் என்ற பேச்சே இல்லை என்று அவர்கள் மேலும் அடுக்குவர். இரயில்வேயில் குமாஸ்தாக்களாய்ப் பணிபுரியும் நம்மனோர்க்கு இப்பேச்சு ஒரு பாராட்டுப் போலவும் ஒலிக்கக்கூடும். ஆயினும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்களும் நாமே. சிக்னல் சிவப்பாய் நிற்க, நேரந் தவறலாகாது என்று வண்டியைச் செலுத்தும் ஓட்டுநரை இரயில்வேயில் எவரும் மெச்சுவதில்லை. அவ்வண்டி குறித்த நேரத்தில், எவர்க்கும் ஊறின்றிப் போய்ச் சேர்ந்தாலும், அவர்மீது விசாரணை உண்டு.

விசாரணை என்னும் அச்சொல்லே இக்கட்டுரையின் பொருள். இரயில்வேயில் பெரும் விபத்து நேர்ந்தால், அதனை ஆராயும் பொறுப்பு இரயில்வே பாதுகாப்பு ஆணையர்க்கு உரியது. அவர் இரயில்வே அமைச்சகத்தின்கீழ் உள்ளவரல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ்ப் பணிபுரிபவர். வண்டியை ஓட்டும் துறையே தன் குற்றத்தைத் தானே ஆராயின் உண்மை வெளிப்படாது என்று கருதி, வெள்ளையர் ஆட்சியிலேயே, 1941-இல், இவ்வதிகாரிகள் இரயில்வே போர்டின் கட்டினின்றும் பிரிக்கப்பட்டனர். ஆணையர் விபத்து நேர்ந்த இடத்தைக் கண்டு, ஊழியரையும் பொதுமக்களையும் கேட்டு, அறிக்கை எழுதுவார். அதன்பின் விதிகள் திருத்தப்படும். உயிரிழந்தோர் குடும்பத்தார்க்கு இழப்பீடு வழங்கப்படும். நம் விதிநூலில் உள்ள எத்தனையோ விதிகள், எங்கோ எவரோ உயிரைக் கொடுத்து நமக்குப் பெற்றுத் தந்தவை.

வெளியார் ஆராய்ச்சி, எழுத்தில் அறிக்கை, விதித் திருத்தம், பாதிக்கப்பட்டோர்க்கு ஈடு என்னும் இந்நான்கும் ஒரு வண்டி தடம் புரண்டதற்கே வேண்டியிருக்கின்றன. ஓர் அரசே தடம் புரண்டால் ஒரு நாடு செய்யவேண்டியது யாது? 1975-ஆம் ஆண்டு முதல் 1977-ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் நிகழ்ந்ததையும், அதன்பின் நாம் செய்தவற்றையும், செய்யாது விட்டவற்றையும் இந்நான்கையும் கொண்டு அளந்து பார்ப்போம். சங்கத்தில் எல்லாக் கட்சியினரும் உளர். ஈண்டு கட்சி பேசுவது நம் நோக்கமன்று.

வித்து எங்கே விழுந்தது?

விசாரணையின்றிச் சிறையிலிடும் வழக்கம் நமக்கு ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சொத்து. 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அக்கிளர்ச்சியின் நடுவேதான் ஜாலியன்வாலா பாக்கில் குருதி சிந்திற்று. அவ்வாறு போராடி விடுதலை பெற்ற நாம், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒரு திங்களே ஆன நிலையில், 1950 பிப்ரவரியில் தடுப்புக்காவல் சட்டம் ஒன்றை நம் பாராளுமன்றத்திலேயே இயற்றினோம். சென்னை மாநிலச் சிறையில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அதனை எதிர்த்து வழக்கிட்டார். உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே அச்சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று தீர்த்தது. பின்னர் 1971-இல் 'மிசா' என்று வழங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆகவே 1975-இல் எவரும் புதிதாய் வாள் வடிக்க வேண்டியிருக்கவில்லை. வாள் உறையில் ஆயத்தமாய் இருந்தது.

அவ்வாளின் கூர்மையை முதலிற் கண்டவர்களில் நம் இரயில்வே ஊழியரும் அடங்குவர். 1974 மே 8-ஆம் நாள் தொடங்கி 27-ஆம் நாள் வரை நடந்த இரயில்வே வேலைநிறுத்தத்தை ஒடுக்க, நெருக்கடி நிலைக்கு ஓராண்டுக்கு முன்னரே, ஆயிரக்கணக்கானோர் கைதுசெய்யப்பட்டனர். வேலையை இழந்தோர் பலர். ஊழியர் சிறையிலிருக்க, அவர்தம் மனைவி மக்கள் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்றப்பட்ட செய்தியை நம் மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டே நாமெல்லாம் இப்பணிக்கு வந்தோம்.

இருபத்தொரு திங்கள்

1975 ஜூன் 12-ஆம் நாள், பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 25-ஆம் நாள் இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். நாட்டின் உரிமைகளெல்லாம் நின்றுபோன செய்தியை, அந்நாட்டை ஆளும் அமைச்சர்களிற் பெரும்பாலோர் பொழுது விடிந்த பின்னரே அறிந்தனர்.

அவ்விருபத்தொரு திங்களில் மிசாச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 35,000 பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,000-க்கு மேற்பட்டோரும் சிறைப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. 1976 ஏப்ரலில் தில்லி துருக்மான் வாயிலருகே ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்தோர்மீது துப்பாக்கி வெடித்தது. 1975-76-இல் ஏறத்தாழ 26 இலட்சமாய் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைகள், 1976-77-இல் 81 இலட்சத்தைத் தாண்டின. இவ்வெண் மக்களின் விருப்பத்தால் உயர்ந்ததன்று. ஆசிரியர்க்கும் கீழ்நிலை ஊழியர்க்கும் இத்தனை பேரைக் கொண்டுவருக என்று எண்ணிக்கை விதிக்கப்பட்டது. கொணராதார் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஹரியானாவில் உட்டாவர் என்னும் சிற்றூரைப் போலீசார் வளைத்து ஆடவரை அறுவைக்குக் கொண்டுசென்றனர்.

தமிழகமும் இதற்குத் தப்பவில்லை. 1976 ஜனவரி 31-ஆம் நாள் மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்ட அரசியல் கைதிகள் தாக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977-இல் உயிர் நீத்தார். பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாய் விளங்கியவரும், கம்பன் காவியத்தில் தோய்ந்தவருமான நீதிபதி மு. மு. இஸ்மாயில் அச்சிறைக் கொடுமையை ஆராய்ந்து அறிக்கை தந்தார்.

அண்டையிலுள்ள கேரளத்தில் கோழிக்கோட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச்சு முதல் நாள் போலீசாரால் கொண்டுசெல்லப்பட்டார். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் இந்திப் பேராசிரியர். மகனைத் தேடி அவர் ஏறாத படியில்லை. நெருக்கடி நிலை நீங்கியபின் 1977-இல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்தார். அதன் விளைவாக முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ஆயினும் மகனின் உடல்கூடத் தந்தைக்குக் கிட்டவில்லை. 2006-இல் அம்முதியவர் மறைந்தார். ஓர் ஆட்சியை அசைக்க வல்லதாயிருந்த அவ்வழக்கு, ஒரு தந்தைக்கு ஈமக்கடன் செய்யும் வாய்ப்பைப் பெற்றுத்தர வல்லதாயில்லை.

ஆணையிட்டவரும் கையொப்பமிட்டவரும்

இவ்வளவையும் செய்தவர் ஒருவர் இருவர் அல்லர். இதனை நமக்கு உணர்த்தியது ஷா விசாரணைக் கமிஷன். 1977 மார்ச்சில் ஆட்சி மாறிய பின்னர், மே 28-ஆம் நாள், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற ஜே. சி. ஷா தலைமையில் அக்கமிஷன் அமைக்கப்பட்டது. நாடெங்கிலுமிருந்து 48,000-க்கு மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. தில்லி பாட்டியாலா மாளிகையில் பொதுமக்கள் முன்னிலையில் சாட்சியங்கள் கேட்கப்பட்டன. முன்னாள் பிரதமர் 1978 ஜனவரியில் அங்குத் தோன்றினாரேனும் சாட்சியமளிக்க மறுத்துவிட்டார். 1978 மார்ச்சு, ஏப்ரல், ஆகஸ்டு ஆகிய திங்கள்களில் மூன்று அறிக்கைகளைக் கமிஷன் அளித்தது.

அவ்வறிக்கைகளில் குமாஸ்தாவாகிய நம்மை உறங்கவிடாத பகுதிகள் சில உள. ஜூன் 25-ஆம் நாள் இரவு தில்லியில் செய்தித்தாள் அச்சகங்களுக்குச் செல்லும் மின்சாரம் வெட்டப்பட்டது. அதற்கு எழுத்தில் ஆணை ஏதுமில்லை, எல்லாம் வாய்மொழி. ஒருவரைக் கைதுசெய்த பின்னரே காரணம் எழுதிக் கோப்பிற் சேர்த்த நிகழ்ச்சிகள் உள. எண்பது அகவை கடந்தவரும் பஞ்சாபின் முன்னாள் முதலமைச்சருமான பீம்சேன் சச்சார், வேறு சிலருடன் சேர்ந்து பிரதமர்க்கு ஒரு கடிதம் எழுதினார், அதற்காகச் சிறைப்பட்டார். வேறொருவர் என்று கருதிப் பிடித்த மாணவர் ஒருவரை, ஆள் மாறியது தெரிந்தபின்னும் விடாமல், மிசாவின்கீழ் அடைத்து வைத்தனர். அக்காகிதங்களிற் கையொப்பமிட்ட அதிகாரிகள் தீயவர்களாய்ப் பிறந்தவரல்லர். சிலர் அஞ்சினர், சிலர் பதவி உயர்வை நோக்கினர், பலர் மேலிருந்து வந்தது ஆணை, நமக்கேன் என்று இருந்துவிட்டனர். முறையற்றது என்று அறிந்தும் பணிந்த அதிகாரிகளைக் குறித்துக் கமிஷன் மிகுந்த வருத்தத்துடன் எழுதிற்று.

நம் சிலப்பதிகாரத்திலும் இதுவே நிகழ்கிறது. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது பாண்டியன் வாய்மொழியாய் ஆணையிட்டான். ஊர்க்காவலர் சென்று கோவலனைக் கண்டபோது, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று அவருள்ளும் ஐயம் எழுந்தது. அவ்வையத்தை அவர் அரண்மனைக்குக் கொண்டுசென்று உரைத்தாரல்லர். அவருள் ஒருவன் வாளை வீசிவிட்டான். மன்னன் பிழையை நாம் ஆண்டுதோறும் மேடைகளிற் பேசுகிறோம். ஐயுற்றும் வாளா நின்ற காவலரைப் பேசுவதில்லை. ஆனால் நம்மிற் பெரும்பாலோர் மன்னர் நிலையில் ஒருநாளும் இருக்கப்போவதில்லை. காவலர் நிலையில்தான் இருக்கிறோம்.

திருந்தியவை

இனி நாடு செய்தவற்றைக் காண்போம். குறை கூறுமுன் நிறையைக் கூறுதல் முறை. 1977-இல் பிரதமர் தாமே தேர்தலை நடத்தினார். தோல்வியை ஏற்றுப் பதவி விலகினார். மக்கள் வாக்குச்சீட்டினாலேயே அவ்வாட்சியை மாற்றினர். வேலைநிறுத்தத்தில் பணியிழந்த இரயில்வே ஊழியர்கள், மது தண்டவதே இரயில்வே அமைச்சராயிருந்த காலத்தில் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டனர். மிசாச் சட்டம் 1978-இல் நீக்கப்பட்டது.

அரசியலமைப்பின் 44-ஆம் திருத்தம் இவை எல்லாவற்றினும் பெரிது. இனி நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்ய 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணம் போதாது. ஆயுதக் கிளர்ச்சி, போர், அந்நியப் படையெடுப்பு ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். அமைச்சரவையின் முடிவு குடியரசுத் தலைவர்க்கு எழுத்தில் தெரிவிக்கப்படல் வேண்டும். உயிர்க்கும் உடற்கும் உரிய உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைத்தல் இயலாது. 'எழுத்தில்' என்னும் அவ்வொரு சொல் அரசியலமைப்பில் ஏறியதன் பின்னே ஓர் இரவு முழுவதும் இருக்கிறது. விபத்துக்குப்பின் விதி திருந்துவது போன்றதே இதுவும்.

நீதிமன்றமும் தன்னைத் திருத்திக்கொண்டது. ஆனால் அதற்கு 41 ஆண்டுகள் சென்றன. 1976 ஏப்ரல் 28-ஆம் நாள், ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவன் நீதிமன்றத்தை நாடும் உரிமையற்றவன் என்று நான்கு நீதிபதிகள் தீர்த்தனர். எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 1977 ஜனவரியில் அவர்க்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா பதவி துறந்தார். அந்நால்வருள் ஒருவரான பகவதி, 2011-இல் தம் தீர்ப்புக்காக வெளிப்படையாய் வருந்தினார். 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அப்பழந்தீர்ப்பைத் தள்ளியது. அந்நால்வருள் மற்றொருவர் ஒய். வி. சந்திரசூட், தந்தையின் தீர்ப்புத் தவறு என்று எழுதிய நீதிபதி அவர் மகன் டி. ஒய். சந்திரசூட். தன் கன்றின் உயிர்க்கு நீதி கேட்ட பசுவின்பொருட்டு மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனைப் போற்றும் நமக்கு, தந்தையின் பிழையைத் தள்ளிய மகனின் பெருமையை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

திருந்தாதவை

எஞ்சியவற்றிலோ நாம் தவறிவிட்டோம். குற்றம் புரிந்தோரை விசாரிக்க 1979-இல் சிறப்பு நீதிமன்றச் சட்டம் வந்தது. 1980 ஜனவரியில் பழைய ஆட்சி மீண்டது, வழக்குகள் கைவிடப்பட்டன. இதற்குப் பழி ஒரு கட்சியை மட்டும் சாராது. புதிய ஆட்சியினர் தமக்குள் பூசலிட்டுக் காலத்தைப் போக்கினர். 1977 அக்டோபரில் முன்னாள் பிரதமரைப் போதிய சான்றின்றிக் கைதுசெய்து, மறுநாளே விடுவிக்க நேர்ந்தது. பழிவாங்கலின் சாயல் பட்டமையால் நீதி தன் வலுவை இழந்தது.

44-ஆம் திருத்தத்திலும் ஒரு பகுதி இன்னும் உறங்குகிறது. விசாரணையின்றி மூன்று திங்கள் வரை அடைத்துவைக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்து, அறிவுரைக் குழுவின் அமைப்பையும் செம்மையாக்கிய விதி அது. பாராளுமன்றம் நிறைவேற்றியும், அதனை நடைமுறைப்படுத்தும் அறிவிப்பை அதன்பின் வந்த அரசுகளுள் ஒன்றேனும் வெளியிடவில்லை. எக்கட்சி ஆண்டாலும் அக்கோப்பு நகரவில்லை என்பது எண்ணத்தக்கது.

அனைத்தினும் வருந்தத்தக்கது அறிக்கையின் கதி. பொதுப்பணத்தில் ஆராய்ந்து எழுதிய ஷா கமிஷன் அறிக்கையின் படிகள் 1980-க்குப் பின் தேடியும் கிடைத்தற்கு அரியவாயின. அதனை மீட்டவர் ஒரு தமிழர். பாராளுமன்ற உறுப்பினராய்ப் பல்லாண்டு பணிபுரிந்த இரா. செழியன், தம்மிடமிருந்த படியைக்கொண்டு 2010-இல் அதனை மீண்டும் நூலாய் வெளியிட்டார். அப்போது அவர்க்கு வயது 87. காகிதத்தைக் காப்பது குமாஸ்தா வேலை என்று எள்ளுவோர் இதனை எண்ணிப்பார்க்க. ஓர் அரசு காக்கத் தவறிய ஏட்டை ஒரு முதியவரின் அலமாரி காத்தது!

பாதிக்கப்பட்டோர் நிலை யாது? அன்று சிறைசென்ற அரசியல் தொண்டர்க்குச் சில மாநிலங்கள் உதவித்தொகை வழங்குகின்றன; நன்று. ஆனால் விருப்பமின்றி அறுவைக்கு உள்ளான கூலியாட்களையும், வீடிழந்த தில்லி ஏழைகளையும் எண்ணிப் பார்ப்பவர் எவர்?

பிற நாடுகளும் பிழை செய்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், அமெரிக்க அரசு தன் நாட்டில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1980-இல் அங்கு ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கை வந்தபின், 1988-இல் சட்டம் இயற்றி, உயிரோடிருந்தோர் ஒவ்வொருவர்க்கும் அரசு மன்னிப்புக் கேட்டு 20,000 டாலர் அளித்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் தாழ்ந்ததுதான். எனினும் தலைவன் முதல் பாமரன் வரை எவரும் கட்டாயப்படுத்தப்படாது, எழுத்தில், பெயர்பெயராய் அது செய்யப்பட்டது. மன்னிப்புக் கேட்டதனால் அந்நாடு சிறுமையுற்றதாக எவரும் கூறார்.

நாம் செய்யக்கூடியது

2024-இல் நடுவண் அரசு, ஜூன் 25-ஆம் நாளை அரசியலமைப்புப் படுகொலை நாளாய் ஆண்டுதோறும் கடைப்பிடிக்க அறிவித்துள்ளது. ஒரு நாளை நினைவுகூர்தல் எளிது. பிறர் செய்த பிழையை நினைவுகூர்தல் அதனினும் எளிது. இன்று ஆள்வோரும் நாளை ஆள்வோரும் தம் கையிலுள்ள தடுப்புக்காவல் அதிகாரத்தை அந்நாளில் எடைபோட்டுப் பார்த்தால் மட்டுமே அந்நினைவுக்குப் பயன் உண்டு.

நாமோ எளிய மனிதர். மாநிலம் விட்டு மாநிலம் வந்து, அரசு ஊதியத்தில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். அரசின் பிழையை ஆராயும் ஆற்றல் நமக்கேது என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் நம்மால் இயல்வன சில உள. வாய்மொழி ஆணை வந்தால், எழுத்தில் தருக என்று பணிவோடு கேட்கலாம். நடந்த தேதியை நடந்தபடி எழுதலாம். ஐயம் தோன்றிய இடத்தில் அதனைக் கோப்பிலே பதியலாம். இவை சிறு செயல்கள். ஆனால் அவ்விருபத்தொரு திங்களில் இவற்றைப் பல்லாயிரம் பேர் செய்திருப்பின், சிறைக்கதவுகள் அத்துணை எளிதில் திறந்திரா.

சங்கம் என்ற முறையிலும் நமக்கு ஒரு பணி உண்டு. நம் நூலகத்தில் சங்க இலக்கியமும் காப்பியங்களும் இருக்கின்றன. இரா. செழியன் மீட்டுத்தந்த நூலும், ஈச்சர வாரியர் தம் மகனைக் குறித்து எழுதிய நினைவு நூலும் அவற்றின் அருகே இடம்பெறுதல் வேண்டும் என்று சங்கச் செயற்குழுவை வேண்டுகிறோம். அக்காலத்தைக் கண்டறியாத நம் பிள்ளைகள் அவற்றைப் படிக்கட்டும். வண்டிகள் நேரத்தில் ஓடினவோ இல்லையோ, அவ்வண்டிகளில் விலங்கிடப்பட்டுச் சென்றவர் யார், ஏன் சென்றனர் என்பதை அவர்கள் அறியட்டும்.